குடியாத்தம் தறிக்கூடத்தில் படமெடுக்க, நாமே செய்த கேமரா தாங்குமா?

பாலாற்றுமணல் (ஆற்காடு):

வணக்கம். பன்னிரண்டு வருடமாகக் கல்யாண வீடியோதான் பிழைப்பு. ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது, அதனால் எனக்கு மூச்சுவிட நேரம் கிடைப்பது அப்போதுதான். இந்த ஆடியில் ஒரு குறும்படம் எடுத்தே தீருவது என்று உட்கார்ந்திருக்கிறேன். களம் குடியாத்தத்தில் சித்தப்பாவின் தறிக்கூடம். லுங்கித் தறி, இரண்டு மட்டும் இன்னும் ஓடுகின்றன.

கல்யாணக் கேமரா 8 பிட், நிறப் படிகள் குறைவு. வண்ணம் கொஞ்சம் திருத்தப் போனாலே சாயங்கால வானம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடுகிறது. சென்சார் இதைவிட நிறையத் தருகிறது, வெளியே விடாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்த எரிச்சலில்தான், சினிமா கேமராவை நாமே செய்துகொள்ளும் திறந்த திட்டமான சினிபை பக்கம் வந்தேன். ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி, 8 ஜிபி. அதில் மாட்டும், ஐஎம்எக்ஸ்477 சென்சார் உள்ள எச்கியூ கேமரா. பதிவு செய்ய 240 ஜிபி எஸ்எஸ்டி வட்டு ஒன்று. எல்லாவற்றையும் எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் வைத்துத் திருகியிருக்கிறேன். சித்தி பார்த்துவிட்டு "சாப்பாடு எங்கடா?" என்றார்.

சோதனைக்கு எடுத்ததில் நான்கு கோளாறு. ஏழெட்டு நிமிடம் ஓடியதும் ஃப்ரேம்கள் விழுகின்றன, பதிவாகாமல் போகின்றன. டியூப்லைட்டில் கருப்புப் பட்டை மேலும் கீழும் நகர்கிறது. ஆற்காட்டில் கடைந்து வாங்கிய அடாப்டரில் எம்42 லென்ஸை (பழைய ஃபிலிம் கேமராவின் திருகு லென்ஸ்) மாட்டினால் தூரத்துப் பொருள் தெளிவாவதே இல்லை. கடைசியாக, என் வயிற்றெரிச்சல்: நெருக்கத்தில், ஊடை நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோகும் நாடா ஓடும்போது சாய்ந்து, நசுங்கின மாதிரி தெரிகிறது. படமே அந்த நாடாவைப் பற்றியது. இதை சரிசெய்ய முடியுமா, இல்லை டப்பாவைச் சித்தியிடமே கொடுத்துவிடவா?

சத்துவாச்சாரி_எடிட்டர்:

நண்பரே, உங்களுக்குப் படம் எடுக்க வேண்டுமா, பெட்டி செய்ய வேண்டுமா? சென்னையில் மூன்று நாளைக்கு நல்ல கேமரா ஒன்றை வாடகைக்கு எடுத்து முடித்துவிடுங்கள். ஆடி ஒரே மாதம்தான். இதைச் சொல்வதற்கு என்னைத் திட்டுவார்கள், தெரியும்.

வெயிலூரான் (வேலூர்):

திட்டவில்லை. நீங்கள் சொல்வதில் பாதி நியாயம். ஆனால் அவர் கேட்டது வேறு.

தம்பி, நானும் இதே ராஸ்பெர்ரி பையில் செய்த கேமரா ஒன்றை இரண்டு வருடமாக வைத்திருக்கிறேன், அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஃப்ரேம் விழுவது. நீங்கள் எடுப்பது 2028-க்கு 1080 புள்ளி, 12 பிட் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு ஃப்ரேம் சுமார் 3.3 எம்பி. 24 ஃப்ரேமுக்கு வினாடிக்கு 79 எம்பி, நிமிடத்துக்கு 4.7 ஜிபி. பை 4-இன் எஸ்டி கார்டு துளை வினாடிக்கு 50 எம்பிக்கு மேல் போகாது, அதனால் எஸ்எஸ்டி வாங்கியது சரிதான். ஆனால் மலிவு எஸ்எஸ்டிகள் முதல் சில ஜிபியை வேகமாக வாங்கிக்கொண்டு, அந்த இடம் நிரம்பியதும் நொண்ட ஆரம்பிக்கும். இதில் வேகக் குறியீட்டை நம்பாதீர்கள். நாற்பது ஜிபி கோப்பு ஒன்றை ஒரே மூச்சில் எழுதிப் பாருங்கள், கடைசி வேகம்தான் உங்கள் வேகம். அது 80-க்குக் கீழே போனால் வட்டை மாற்றுங்கள், கேமராவைக் குறை சொல்ல வேண்டாம்.

அடுத்து டப்பா. நம் ஊரைச் சும்மாவா வெயிலூர் என்கிறார்கள்? சிப் 80 டிகிரியைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போதும் ஃப்ரேம் விழும். மூடின எவர்சில்வருக்குள் எஸ்எஸ்டியும் பையும் சேர்ந்து வேகின்றன, இட்லிப் பானை மாதிரி. மேலே நான்கு துளை போட்டு ஒரு விசிறி வையுங்கள். விசிறிச் சத்தம் மைக்கில் விழுமே என்று மற்றவர்கள் பயப்படுவார்கள். தறி அடிக்கிற கூடத்தில் அது யாருக்குக் கேட்கப் போகிறது! ஒலியை எப்படியும் தனி ரெக்கார்டரில்தான் எடுப்பீர்கள், ராஸ்பெர்ரி பையில் மைக் துளையே கிடையாதே. திரையில் மின்னல் அடையாளம் வந்தால் மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம். பவர் பேங்கை விட்டுவிட்டு 5 வோல்ட், 3 ஆம்பியர் ஒழுங்காகத் தரும் ஒன்றைப் பாருங்கள்.

டியூப்லைட்டுக்கு ஒரே பதில். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 தடவை துடிக்கிறது. ஷட்டரை 1/50 வினாடியில் வையுங்கள், ஒவ்வொரு வரிக்கும் சரியாக இரண்டு துடிப்பு கிடைக்கும். ஷட்டர் கோணமாகச் சொன்னால், 24 ஃப்ரேமுக்கு அது 172.8 டிகிரி. பட்டை போய்விடும்.

ராணிப்பேட்டை_லேத்:

அடாப்டர் என் பக்கம். எம்42 லென்ஸுக்குத் தட்டிலிருந்து சென்சார் வரை 45.46 மி.மீ. வேண்டும். உங்கள் கேமராவில் லென்ஸ் மாட்டும் சி மவுண்ட்டுக்கு 17.526. கழித்தால் 27.93. உங்கள் வளையம் அதற்கு மேல் இருக்கும், அதனால்தான் தூரம் தெளிவாகவில்லை. வெர்னியரில் அளந்து சொல்லுங்கள். நான் 27.8 கடைந்து, மீதிக்கு மெல்லிய பித்தளைத் தகடு வைப்பேன். வெட்டினதை ஒட்ட முடியாது, குறைந்தால் தகடு போடலாம்.

இன்னொன்று. சி மவுண்ட் மரை ஒரு அங்குல விட்டம், அங்குலத்துக்கு 32 மரை. பட்டறையில் 0.8 மி.மீ. பிட்ச்சில் வெட்டிக் கொடுத்திருப்பார்கள். இரண்டு மூன்று சுற்று போகும், அப்புறம் இறுகும். அதை பலவந்தமாகத் திருகினால் கேமரா பக்கத்து மரை நாசமாகிவிடும்.

எச்கியூ கேமராவோடு வந்த 5 மி.மீ. வளையத்தை மாட்டியிருக்கிறீர்கள்தானே? அது இல்லாவிட்டால் கேமரா சிஎஸ் மவுண்ட், சி மவுண்ட்டைவிட 5 மி.மீ. குட்டை.

பாலாற்றுமணல்:

அண்ணே, வளையம் 28.6 இருக்கிறது! 5 மி.மீ. வளையம் மாட்டியிருக்கிறேன். 1/50 போட்டதும் பட்டை போய்விட்டது, வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். எஸ்எஸ்டி முப்பது ஜிபிக்கு மேல் 50-க்கு இறங்குகிறது. மாற்றிவிடுகிறேன்.

நாடா?

வெயிலூரான் (வேலூர்):

அதை வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்தேன்.

உங்கள் சென்சார் படத்தை ஒரே நேரத்தில் எடுப்பதில்லை, மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை வரிசையாகப் படித்துக்கொண்டு போகிறது. மேல் வரியைப் படித்துவிட்டுக் கீழே வருவதற்குள் நாடா நகர்ந்துவிடுகிறது, அதனால் சாய்கிறது. இதை மென்பொருளில் திருத்துவது கஷ்டம். எல்லா வரியும் ஒரே கணத்தில் எடுக்கும் க்ளோபல் ஷட்டர் சென்சார் வேண்டும்.

வியன்னாவிலுள்ள அபெர்டஸ் குழு 2014-இல் மக்களிடம் பணம் திரட்டித் தொடங்கிய ஆக்ஸியம் பீட்டா என்ற திறந்த சினிமா கேமராவில் அதுதான் இருக்கிறது. சென்சார் சிஎம்வி12000, சூப்பர் 35 என்ற சினிமா ஃபிலிம் அளவு, 4096-க்கு 3072 புள்ளி. வரைபடம், நிரல் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. உட்கார்ந்து படியுங்கள், நிறையக் கற்கலாம். ஆனால் அதில் எஃப்பிஜிஏ என்ற சிப்பை நிரலாக்கும் வேலை உண்டு, ஆடிக்குள் முடியாது.

உங்களுக்கு வேண்டியது சின்னது. 2023-இல் ராஸ்பெர்ரி பை நிறுவனமே க்ளோபல் ஷட்டர் கேமரா ஒன்றை விட்டது. ஐஎம்எக்ஸ்296, 1456-க்கு 1088, 10 பிட், 60 ஃப்ரேம் வரை. இதே சி மவுண்ட், இதே ரிப்பன் கேபிள். சினிபை அதை அப்படியே எடுத்துக்கொள்ளாவிட்டால் ராஸ்பெர்ரி பையின் சொந்தக் கேமரா நிரலிலேயே ரா, அதாவது சென்சார் தருவதை அப்படியே, எடுக்கலாம். நாடா வரும் ஐந்தாறு ஷாட்டுக்கு மட்டும் மின்சாரத்தை அணைத்து, கண்ணை, அதாவது சென்சார் தட்டை, மாற்றி மாட்டுங்கள். மற்றதெல்லாம் எச்கியூ. 1456 அகலத்தை 1920-க்கு இழுத்தால் கொஞ்சம் மழுங்கும், ஓடுகிற நாடாவில் அதை யார் கவனிப்பார்கள்? வாடகைக் கேமராவில் ஒரு ஷாட்டுக்காகக் கண்ணைக் கழற்ற விடுவார்களா என்று எடிட்டர் ஐயாவைக் கேட்டுச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நாடா கூர்மையாகத் தெரிய ஷட்டரை 1/500 பக்கம் கொண்டுபோக வேண்டும். அங்கே டியூப்லைட் வைத்தால் பட்டை வராது, ஆனால் படம் முழுக்க மினுக்கும். அந்த ஷாட்களை வெயிலில்தான் எடுக்க வேண்டும். கூரையில் வெளிச்சம் விழும் இடம் இருக்கிறதா?

சத்துவாச்சாரி_எடிட்டர்:

விட மாட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். படம் முடிந்ததும் சிடிஎன்ஜி (ரா) கோப்புகளை அனுப்புங்கள், ரிசால்வ் மென்பொருளில் நான் வண்ணம் பார்த்துத் தருகிறேன். சும்மாதான்.

பாலாற்றுமணல்:

கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு இருக்கிறது. காலை பத்தரையிலிருந்து பதினொன்றே கால் வரை வெயில் நேராகத் தறி மேல் விழும், சித்தப்பாவிடம் கேட்டுவிட்டேன். அந்த நேரம் அவர் டீ குடிக்கப் போகிற நேரமாம். டீயைக் கூடத்துக்கே வரவழைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். லேத் அண்ணே, வியாழக்கிழமை வளையத்தோடு ராணிப்பேட்டை வரட்டுமா? லென்ஸையும் எடுத்து வரவா?

ராணிப்பேட்டை_லேத்:

லென்ஸ், கேமரா இரண்டும் வேண்டும். வெயில் இருக்கும்போதே வா தம்பி, தூரத்து மலையைப் பார்த்து ஃபோகஸ் சரிபார்க்க வேண்டும்.