பழைய வீட்டை வாங்குமுன் செய்யும் ‘சர்வே’: தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் காலை

அவையோர்க்கு வணக்கம்.

கிராமத்தில் பழைய வீடு வாங்க நினைப்பவர்களுக்கான 48 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. ஒரு சொல் மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

மூலத்தில் ‘சர்வே’ என்ற ஒரே சொல் இரண்டு வேலைகளுக்கு வருகிறது. இரண்டாம் இயலில் அது நிலத்தின் எல்லையை அளப்பது. மூன்றாம் இயலில் சுவர், கூரை, தரை, மரம், அடித்தளம் எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று தேர்ந்தவர் ஒருவர் பார்த்து அறிக்கை எழுதுவது. நான் முதலில் இரண்டுக்கும் ‘அளவை’ என்றே எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த தோழி, “இரண்டாம் இயலிலேயே அளந்துவிட்டார்களே, மறுபடி எதற்கு?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. காரணம் உண்டு. என் சிற்றப்பா பழைய வீடு ஒன்றை வாங்கியபோது, “சர்வே முடிந்துவிட்டதா?” என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். “முடிந்துவிட்டது” என்றார். உண்மைதான். நான்கு மூலைக் கல்லும் சரியாக இருந்தன. ஆனால் பரண்மேல் ஏறி ஒருவரும் பார்க்கவில்லை. முதல் மழைக்காலத்திலேயே பின்கட்டு உத்திரம் தொய்ந்தது. சுவருக்குள் புதைந்திருந்த முனையைச் செல் அரித்துக் கூடாக்கியிருந்தது. அளந்தவர்மீது குற்றமில்லை, அவர் தம் வேலையைச் செய்தார். ‘சர்வே’ என்ற சொல் இரண்டு வேலையும் முடிந்ததாகக் காட்டிவிட்டது.

ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும், ஒன்றை மற்றொன்றாக யாரும் மயங்கக்கூடாது. வியாழன் இரவுக்குள் உதவுங்கள்.

கட்டுமானப் பொறியாளர், செவ்வாய் நண்பகல்

அம்மா, முதல் வேலைக்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: நில அளவை, அல்லது எல்லை அளவை. அளப்பவர் நில அளவர். பத்திரத்தில் எழுதிய நீள அகலம் தரையில் இருக்கிறதா, வேலி நகர்ந்திருக்கிறதா, பொதுச்சுவர் யாருடையது, பக்கத்து வீட்டார் நடந்து போகும் வழி உள்ளே வருகிறதா என்பவையே அவர் பார்ப்பவை. வீடு நாளை விழுமா என்பது அவர் கேள்வியன்று.

இரண்டாவது வேலையில் அளப்பதைவிடப் பார்ப்பதும் தட்டுவதும் கேட்பதும் அதிகம். ஒரு விரிசலை எடுத்துக்கொள்ளுங்கள். 1 மில்லிமீட்டருக்கு உட்பட்டது பெரும்பாலும் பூச்சோடு போகும். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும். 25 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் சுவரையே ஒரு பகுதி பிரித்துக் கட்ட வேண்டியிருக்கலாம். அகலம் மட்டும் போதாது. சன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகிறதா, மேலே அகன்று கீழே ஒடுங்குகிறதா, பழைய அழுக்கு படிந்திருக்கிறதா, விளிம்பு புதிதாக இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தால்தான் வீடு இறங்கி ஓய்ந்துவிட்டதா, இன்னும் இறங்குகிறதா என்று சொல்ல முடியும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். அது முதலில் பிடிக்கும் இடம் நீங்கள் சொன்ன அதே இடம், உத்திரம் சுவருக்குள் நுழையும் முனை.

இன்னொன்றையும் கையேட்டில் சேருங்கள். நல்ல அறிக்கையில் ‘பார்க்க முடியாதவை’ என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்கும்: விரிப்பை எடுக்கவில்லை, பரண் கதவு பூட்டியிருந்தது, பின்சுவரில் அலமாரி சாத்தியிருந்தது என்று. வாங்குபவர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், செவ்வாய் மாலை

பொறியாளர் ஐயா அளவையையும் பார்வையையும் பிரித்துவிட்டார். ஆனால் நம் முன்னோர் அவ்வளவு எளிதாகப் பிரிக்கவில்லை. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு இடம் வகுப்பவர்களை “நூலறி புலவர் நுண்ணிதின் கயிறிட்டு” என்கிறார் நக்கீரர். கயிறு பிடித்தவன் வெறும் அளவன் அல்லன், சிற்பநூல் அறிந்த புலவன். அடுத்த அடிகளில் “மனை வகுத்து” என்று வருகிறது. மனை என்றால் அன்று வீடு. மனையோள், மனைவி எல்லாம் அதன் வழி வந்தவை. எனவே ‘மனையாய்வு’ என்று சொல்லலாமே என்று எண்ணினேன். ஆனால் இன்று மனை என்றால் வீடில்லாத வெற்றிடம்! வீடு கட்டியதும் மனை மறைந்துவிடுகிறது. இப்படிப் பொருள் தலைகீழான சொல்லை வாங்குபவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகையால் வேறொரு பழஞ்சொல்லைத் தருகிறேன்: நோட்டம். காசையும் பொன்னையும் மணியையும் தரம் பார்ப்பது நோட்டம், பார்ப்பவர் நோட்டக்காரர். கன்னடத்தில் ‘நோடு’ என்றால் பார். வெளியே பளபளக்கும் காசுக்குள் செம்பு இருக்கிறதா என்று கண்டு சொல்வதுதானே, புதுச் சுண்ணாம்பு அடித்த சுவருக்குள் என்ன இருக்கிறதென்று சொல்வதும்? ‘வீட்டு நோட்டம்’, ‘வீட்டு நோட்டக்காரர்’. ஒன்று வேலைக்கு, ஒன்று ஆளுக்கு.

நாளிதழ்த் துணையாசிரியர், செவ்வாய் இரவு

ஐயா, உவமை அழகு. ஆனால் இருபது ஆண்டாகக் குற்றச் செய்திகளைத் திருத்துபவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். “பூட்டிய வீட்டை நோட்டமிட்ட மர்ம நபர்கள்” என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது அச்சிடுகிறோம். ‘வீட்டு நோட்டக்காரர் நாளை காலை வருவார்’ என்று கடிதம் வந்தால் வீட்டுக்காரர் காவல் நிலையத்துக்குத்தான் போவார்.

யாரேனும் ‘சோதனை’ என்று சொல்லுமுன் அதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சோதனை என்றால் அதிகாரிகள் புகுந்து பீரோவைத் திறப்பது. ‘தணிக்கை’ கணக்குக்கும் திரைப்படத்துக்கும் போய்விட்டது. ‘மதிப்பீடு’ என்றால் விலை சொல்வது, அது மூன்றாவது ஒரு வேலை, அதையும் இதோடு குழப்பக்கூடாது.

என் கருத்து ‘சர்வே’ என்றே இருக்கட்டும் என்பது. நில சர்வே, கட்டட சர்வே. “கடிசொல் இல்லைக் காலத்துப் படினே”, அதாவது காலத்தால் வழக்கில் வந்துவிட்டால் விலக்க வேண்டிய சொல் இல்லை என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார்.

தனித்தமிழ் அன்பர், புதன் அதிகாலை

அந்த நூற்பா எந்தச் சொல்லையும் உள்ளே விடுவதற்கான சீட்டன்று, அம்மா. அதே தொல்காப்பியர் வடசொல்லுக்கே “வடவெழுத்து ஒரீஇ”, அதாவது வடமொழிக்கே உரிய எழுத்துகளை நீக்கி, என்று வரையறை வைத்தார். மேலும் ‘சர்வே’தான் இங்கே நோயே! சிற்றப்பா குடும்பத்தை மயக்கிய சொல்லையே மருந்தாகத் தருகிறீர்கள். முன்னே ‘கட்டட’ என்று ஒட்டினாலும் பேச்சில் அடைமொழி உதிரும், ‘சர்வே முடிந்தது’ மட்டும் நிற்கும்.

அளவை என்பதையும் லேசாக எண்ணவேண்டாம். சோழர் கல்வெட்டுகளில் நிலம் அளந்த கோலுக்கு ‘உலகளந்த கோல்’ என்று பெயர். அதே அளவைச் சொல்லைத்தான் தருக்க நூலார் உண்மையை அறியும் வழிகளுக்கும் வைத்தனர்: காட்சியளவை, கருத்தளவை. கண்ணால் கண்டதும் கண்டதிலிருந்து உய்த்துணர்ந்ததும். பொறியாளர் சொன்ன விரிசல் ஆராய்ச்சி முழுவதும் கருத்தளவையே. புகையைக் கண்டு நெருப்பை அறிவதுபோல விரிசலைக் கண்டு அடித்தளத்தை அறிகிறார்.

ஒரு வேண்டுகோள். எந்தச் சொல்லை முடிவு செய்தாலும் ‘கட்டிடம்’ என்று எழுதிவிடாதீர்கள். ஒற்று என்பதோடு அடம் சேர்ந்து ஒற்றடம் ஆனதுபோல, கட்டு என்பதோடு அடம் சேர்ந்து கட்டடம். கட்டிடம் என்றால் கட்டுதற்கான இடம். அதாவது உங்கள் இரண்டாம் இயல்.

கட்டுமானப் பொறியாளர், புதன் காலை

கட்டடம், கட்டிடம் பற்றி இந்தக் குழுவில் மூன்றாம் முறை படிக்கிறேன். ஆனால் இம்முறை அது பயன்பட்டது என்று ஒப்புக்கொள்கிறேன்.

என் பங்குக்கு: ‘பழுதாய்வு’. கட்டடப் பழுதாய்வு. வாங்குபவர் தெரிந்துகொள்ள விரும்புவது பழுதைத்தான்.

பள்ளி ஆசிரியை, புதன் மாலை

இன்று எட்டாம் வகுப்பில் ‘பழுதாய்வு’ என்று கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டேன். பாதிப் பேர் “ரிப்பேர் செய்வது” என்றார்கள். யோசித்தால் அவர்கள்மேல் தவறில்லை. பழுது பார்த்தல் என்றால் பழுதைக் காண்பது என்றுதானே சொல்லின்படி இருக்க வேண்டும்? ஆனால் சரிசெய்வது என்றே பொருள். தமிழில் ‘பார்’ என்பது கண்ணோடு நிற்பதில்லை. வேலை பார்க்கிறோம், கணக்குப் பார்க்கிறோம், வைத்தியம் பார்க்கிறோம். பார்த்தால் செய்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை மொழிக்குள்ளேயே இருக்கிறது. இந்த அறிக்கையைக் கொடுப்பவரோ சரிசெய்ய மாட்டார். கண்டதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பழுதாய்வு என்றால் அவரே சாந்துக் கரண்டியோடு வருவார் என்று எதிர்பார்ப்பார்கள். விற்பவருக்கும் அந்தச் சொல் கசக்கும். பழுது இருப்பதாக முன்கூட்டியே தீர்ப்பளித்துவிடுகிறதே!

‘கட்டட நிலை ஆய்வு’ என்று மாணவி ஒருத்தி சொன்னாள். எல்லோருக்கும் புரிந்தது.

தமிழ்ப் பேராசிரியர், புதன் இரவு

புரிகிறது, ஆனால் உயிரில்லை. மூன்று சொல் சேர்ந்த விளக்கம் கலைச்சொல் ஆகாது. போகட்டும்.

மொழிபெயர்ப்பாளர் அம்மா எனக்குத் தனியே அனுப்பிய பட்டியலில் ‘தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம்’ என்று ஒரு தொடரைப் பார்த்தேன். அதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் இருக்கிறது: ஓதம். இலக்கியத்தில் கடலுக்கும் அதன் பெருக்குக்கும் ஓதம் என்று பெயர். பேச்சில் சுவரிலும் தரையிலும் ஊறும் ஈரம். கடல் ஏறுவதுபோலச் சுவரில் நீர் ஏறுகிறது, எவ்வளவு பொருத்தம்! இதோடு ‘சுவறுதல்’ என்ற வினையையும் எண்ணிப் பாருங்கள். நீர் உள்ளே இழுக்கப்படுவது சுவறுதல். நீரைச் சுவறச் செய்வதால்தான் அது ‘சுவர்’ ஆயிற்றோ என்று நெடுநாளாக எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

தனித்தமிழ் அன்பர், புதன் நள்ளிரவு

ஓதத்துக்கு நூறு வணக்கம். சுவர் விஷயத்தில் மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது, ஐயா. இடையின ரகரமும் வல்லின றகரமும் ஒன்றன் இடத்தில் ஒன்று எளிதில் வாரா. அரையும் அறையும் வேறு, கரையும் கறையும் வேறு. ஒலி நெருக்கம் மட்டுமே வேருக்குச் சான்றாகாது. சுவர் என்ற சொல் தோன்றிய காரணத்தை நீர் உறிஞ்சும் குணத்தில் தேடுவது, சுவரின் குறையை அதன் பெயராக்குவதும் ஆகும்.

கட்டுமானப் பொறியாளர், வியாழன் காலை

பழைய சுவர் நீரை உறிஞ்சுவது குறையன்று என்று சொல்லவே இதை எழுதுகிறேன். கல்லும் மண்ணும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய சுவர் ஈரத்தை வாங்கும், பிறகு காற்றில் விட்டுவிடும். அப்படியே தலைமுறைகள் நின்றிருக்கும். பின்னால் வந்தவர் ‘பலப்படுத்துகிறேன்’ என்று வெளியே சிமென்ட் பூசுகிறார். ஈரம் வெளியேற வழியில்லை. உள்ளே தங்கி, மேலே ஏறி, மரத்தைத் தொடுகிறது. தரையிலிருந்து ஏறும் ஓதம் பொதுவாக 1 மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். அந்த விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். 2 மீட்டர் உயரத்தில் நனைந்திருந்தால் கூரையையோ குழாயையோதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அம்மா, சொல் எதுவாக இருந்தாலும் இந்தச் செய்தி கையேட்டில் இருக்கட்டும். அறைக்குள் இடுப்பளவு உயரத்துக்கு மட்டும் புதிதாக வண்ணம் அடித்திருந்தால், ஏன் என்று கேட்கச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன். கட்டட நிலை ஆய்வுக்கு ஐந்து பேர், இருவர் “வேறு வழியில்லாததால்” என்று எழுதியிருக்கிறீர்கள். நோட்டத்துக்கு இருவர். சர்வேக்கு ஒருவர்.

இரண்டாம் இயலில் ‘எல்லை அளவை’, மூன்றாம் இயலில் ‘கட்டட நிலை ஆய்வு’. முதன்முறை வருமிடத்தில் மட்டும், “சர்வே என்று பொதுவாகச் சொல்லப்படும் இரண்டு வேலைகளில் இது இரண்டாவது, ஒன்று முடிந்ததால் மற்றது முடிந்ததாகாது” என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். துணையாசிரியர் அம்மாவின் கவலைக்கு அது கொஞ்சமேனும் ஈடாகும் என்று நம்புகிறேன். ஓதம் அப்படியே இருக்கிறது. ‘பார்க்க முடியாதவை’ பகுதிக்குத் தனிப் பெட்டி போட்டாயிற்று. கோப்பை அனுப்பிவிட்டேன்.

கட்டுமானப் பொறியாளர், சனிக்கிழமை

தாமதமாக ஒரு செய்தி. அச்சாகிவிட்டது என்று தெரியும், இருந்தாலும் மறைக்கக்கூடாது. என்னோடு வேலை செய்யும் மூத்த கொத்தனாரிடம் ‘கட்டட நிலை ஆய்வு’ என்று சொன்னேன். “நிலையை மட்டும் பார்த்தால் போதுமா? கூரையைப் பார்க்கவேண்டாமா?” என்று கேட்டார். அவருக்கு நிலை என்றால் கதவு நிலை. அந்தத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் அப்படித்தான். நம்மில் எவருக்கும் இது தோன்றவில்லை, எனக்கும்கூட.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று அவரையே கேட்டேன். “வீட்டைத் தட்டிப் பார்த்தோம் என்போம்” என்றார். பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல, பூச்சைத் தட்டினால் உள்ளே விட்டுப்போன இடம் வேறு ஒலி கொடுக்கும்.

தமிழ்ப் பேராசிரியர், சனிக்கிழமை

காசையும் சுண்டி ஒலி கேட்டுத்தான் நோட்டம் பார்த்தார்கள். மறுபதிப்பு எப்போது, அம்மா?