'ஜோடில்லாதிராது' கார்டும் ஏழு வருஷமும்: கல்யாணத்துக்கு நீங்க எப்படி ஆயத்தமானீங்க?

நெல்லைக்காரி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கல்யாணத்துக்கு முன்னாடி ஆவிக்குரிய ஆயத்தம் ஆயத்தம்னு சொல்லுதாங்களே, நெஜமா என்ன பண்ணீங்கன்னு அவங்கவங்க எழுதுங்க. நான் ஆரம்பிச்சு வைக்கேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

எனக்கு 24 வயசு அப்போ. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில வாக்குத்தத்த கார்டு (புது வருஷத்துக்கு கர்த்தர் தர்ற வாக்குன்னு எடுக்குற பைபிள் வசனச் சீட்டு) எடுத்தேன், ஏசாயா 34:16, "இவைகளில் ஒன்றும் ஜோடில்லாதிராது". பக்கத்துல நின்ன எங்கம்மாவுக்கு கண்ணு கலங்கிருச்சு. வரன் பாக்குற வீட்டுல இந்த வசனம் கிடைச்சா பாதி நிச்சயதார்த்தம் முடிஞ்ச மாதிரிதான். லேமினேட் பண்ணி பீரோ கதவுல ஒட்டியாச்சு. அதுல இருந்து வெள்ளிக்கிழமை உபவாசம், மூணு மணி வரைக்கும் வெறும் தண்ணி, அப்புறம் கஞ்சி. வருங்கால கணவருக்குன்னு ஒரு ஜெப நோட்டு வேற, மொத்தம் 21 பாயிண்ட். ரட்சிக்கப்பட்டிருக்கணும், குடிக்கக்கூடாது, தங்கச்சிய அடிமை மாதிரி நடத்தாதவரா இருக்கணும், கீபோர்டு வாசிக்கத் தெரிஞ்சா நல்லது (சிரிக்காதீங்க).

ஏழு வருஷம் போச்சு. நாலு வரன் வந்து பாத்து டீ குடிச்சிட்டு போனாங்க. ஒரு நாள் வெறுப்புல அந்த அதிகாரத்த மேல இருந்து முழுசா வாசிச்சேன். ஏதோம் தேசம் பாழாப்போறதப் பத்தின அதிகாரம்லா அது! மனுஷன் இல்லாத ஊர்ல காட்டாடு, சாக்குருவி, வல்லூறு எல்லாம் வந்து குடியேறும்னு இருக்கு, ஜோடில்லாதிராதுன்னு சொன்னது அதுகளுக்கு. இத்தன வருஷமா எங்க பீரோல ஒட்டியிருந்தது வல்லூறுக்கு கொடுத்த வாக்குத்தத்தம். மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு, அப்புறம் கதவ சாத்திட்டு நல்லா அழுதேன்.

எங்க சபை பைபிள் உமன் (வீடு வீடா போய் ஜெபிக்கிற ஊழியக்காரி) அக்காகிட்ட போய் சொன்னேன். அவங்க வியாக்கியானம் ஒண்ணும் பண்ணல. "சனிக்கிழமை வீடு சந்திக்கப் போறேன், பையத் தூக்கிட்டு வாட்டி"ன்னாங்க, அவ்வளவுதான். ஒரு வருஷம் பைய தூக்குனேன்.

ஒரு வீடு மறக்கவே முடியாது. அந்த அண்ணனுக்கு பக்கவாதம் வந்து படுத்து ரொம்ப வருஷம். நாங்க போகும்போது அந்தம்மா தரையில தினத்தாள விரிச்சுப் போட்டு அவர் கால மடியில வச்சு நகம் வெட்டிக்கிட்டு இருந்தாங்க, வெட்டிக்கிட்டே ஒரே ஏச்சு, "இந்தக் கால் நல்லா இருந்தப்ப ஒரு நாளாவது எனக்கு ஒரு கட்டு கீரை வாங்கியாந்துருக்கா"ன்னு. அவர் பாதி வாயால சிரிக்காரு. அக்கா ஜெபிக்கலாமான்னு கேட்டதும் அந்தம்மா கால கீழ வைக்கல, நகவெட்டிய கையில பிடிச்ச படியே கண்ண மூடிட்டாங்க. நான் கண்ண மூடல, அந்தக் காலையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

இன்னொரு வீட்டுல புருஷன் பொண்டாட்டி ஒரே பைக்ல கோயிலுக்கு வருவாங்க, ஒரே வரிசையில நின்னு பாடுவாங்க, வீட்டுல மூணு மாசமா பேச்சு இல்ல. எல்லாம் சின்ன பிள்ள மூலமாத்தான், "அப்பாட்ட கேஸ் தீந்துட்டுன்னு சொல்லு". அத பாத்ததும் எனக்கு பகீர்னு ஆச்சு, ஏன்னா நானும் அப்படித்தான். கோவம் வந்தா எங்கம்மாகிட்ட மூணு நாள் வாயத் தொறக்க மாட்டேன், உபவாச வெள்ளிக்கிழமை கூட. 21 பாயிண்ட்ல என்னப் பத்தி ஒண்ணுமே இல்லையேன்னு அன்னைக்குத்தான் உறைச்சுது. நோட்ட கிழிக்கல, கடைசி பக்கத்துல இத எழுதி வச்சு அதுக்குத்தான் இப்போ ஜெபிக்கேன். கீபோர்ட மட்டும் அடிச்சிட்டேன்.

போன மாசம் வந்த வரன்கிட்ட கோவம் வந்தா என்ன செய்வீங்கன்னு கேட்டேன். எனக்கு கோவமே வராதுன்னாரு, பின்னாடி அவங்கம்மா தொண்டைய செருமினாங்க 😄 அது கூட பரவால்ல, அப்புறம் தரகர் மூலமா 60 பவுன்னு வந்துச்சு. ஜெபிச்சு வந்த சம்பந்தத்துக்கு எதுக்கு பவுனுன்னு நான் கேட்டுட்டேன், அதோட முடிஞ்சுது. எங்கப்பா ரெண்டு நாள் பேசல. இது எங்க குடும்ப வியாதி போல.

முத்துநகர் பொண்ணு:
அக்கா வல்லூறு மேட்டர் படிச்சு ஆபீஸ்ல சத்தமா சிரிச்சிட்டேன். நாங்க ஆர்.சி. (கத்தோலிக்கர்). எங்களுக்கு கல்யாண தயாரிப்பு வகுப்பு இருக்கு, அந்த சர்டிபிகேட் கொடுத்தாத்தான் சாமியார் ஓலை (கல்யாண அறிவிப்பு) கோயில்ல வாசிப்பாரு. எனக்கு மூணு நாள் நடந்துச்சு, டாக்டர் ஒருத்தங்க வந்தாங்க, குழந்தை பெத்த ஒரு ஜோடி வந்து பேசினாங்க, பாதி நேரம் எல்லாரும் போன்தான் நோண்டுனோம், உண்மைய சொல்லணும்ல.

ஆனா அதுக்கப்புறம் பங்குத்தந்தை எங்க ரெண்டு பேரையும் தனித்தனியா கூப்பிட்டு விசாரிச்சார் பாருங்க, அதுதான் எனக்கு ஆயத்தம். பைபிள் மேல கைய வச்சு சத்தியம் வாங்கிட்டு, உன் முழு சம்மதமா, யாராவது கட்டாயப்படுத்துறாங்களான்னு கேட்டார். வெளியில பெஞ்சுல எங்க அப்பா. அந்த கேள்விய என் வாழ்க்கையில அதுவரைக்கும் ஒருத்தர் கூட என்கிட்ட கேட்டதில்ல. மாப்பிள்ளைய எனக்கு பிடிச்சுத்தான் இருந்துச்சு, இருந்தாலும் ஆமான்னு சொல்ல ஒரு நிமிஷம் ஆச்சு.

சென்னை சிஸ்டர்:
நான் பெந்தெகொஸ்தே. எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். எங்க பழைய சபையில ஒரு மூப்பர் (சபைப் பெரியவர்) "கர்த்தர் எனக்கு காட்டினார், இவன்தான் உன் துணை"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். நானும் அத நம்பி எட்டு மாசம் ஒருத்தருக்காக முழங்கால்ல நின்னேன். அவருக்கு வேற ஒரு பொண்ணோட பழக்கம் இருக்குன்னு தெரிஞ்சு போய் கேட்டா, விசுவாசம் உள்ளவங்க கேள்வி கேக்கமாட்டாங்கன்னு பதில். ஈசாக்குக்கு பாத்த பொண்ணு ரெபெக்காள கூட பைபிள்ல ஆதியாகமம் 24ல கூப்பிட்டு, இந்த மனுஷனோட போறியான்னு கேட்டுத்தான் அனுப்புறாங்க, போறேன்னு அவளே சொல்றா. என்கிட்ட மட்டும் கேக்காம தீர்ப்பு சொல்லிட்டாங்க.

இப்போ யாராவது கர்த்தர் சொன்னார்னு வந்தா, சரி பிரதர் எனக்கும் சொல்லட்டும், வெயிட் பண்றேன்னு சொல்லிடுவேன். ஜெபம் விடல. ஆனா வரன் வந்தா வேலை பாக்குற இடத்துல விசாரிக்காம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்.

டீச்சரக்கா:
எனக்கு 46, கல்யாணம் ஆகல, இனி ஆகும்னும் நினைக்கல. உங்களுக்கெல்லாம் ஒண்ணே ஒண்ணு. களக்காடு பக்கம் போனா டோனாவூர் போய்ட்டு வாங்க. ஏமி கார்மைக்கேல் அம்மா 1895ல இந்தியா வந்த மிஷனரி, கல்யாணம் பண்ணாமலே ஆதரவில்லாத அத்தன பிள்ளைங்கள அங்க வளர்த்து 1951ல அங்கேயே இறந்தாங்க. கல்லறைக்கு கல் வேண்டாம்னுட்டாங்க, அதனால பறவைகள் தண்ணி குடிக்க ஒரு தொட்டி வச்சு அதுல 'அம்மா'ன்னு மட்டும் போட்டிருக்கு. நான் 33 வயசுல ரொம்ப நொந்து போய் அங்க உக்காந்திருந்தேன். யாரும் எனக்கு ஆறுதல் சொல்லல, ஒரு மைனா வந்து குளிச்சிட்டு போச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

நெல்லைக்காரி:
டீச்சரக்கா 🙏 அடுத்த லீவுல கண்டிப்பா போறேன், கூட வாங்களேன். சென்னை சிஸ்டர், நீங்க எழுதினது நல்லதுதான், அழிச்சுராதீங்க. அந்த கார்டு எங்கன்னு இன்பாக்ஸ்ல ஒருத்தர் கேட்டிருந்தாங்க. இன்னும் பீரோ கதவுலதான் இருக்கு. பிய்க்கப் போனேன், எங்கம்மா விடல, "வல்லூறுக்கே ஜோடி கொடுத்தவரு உனக்கு கொடுக்கமாட்டாராட்டி"ன்னு கேட்டாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.