புதுப்பிப்பு: 22 வயதில் தோளில் வந்த பழுப்புத் திட்டு தேமல் இல்லை, பெக்கர் நீவஸ்

இடது தோளில் உள்ளங்கை அளவுக்குப் பரவிய திட்டு, தேமல் களிம்புக்கு அசையவில்லை, இது என்னவாக இருக்கும் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. “திட்டின்மேல் மட்டும் முடி தடிப்பாக வளர்கிறதா பாருங்கள்” என்று ஒருவர் எழுதியதுதான் வழிகாட்டியது. கண்ணாடியில் பார்த்தேன், கருகருவென்று சுருள் முடி, திட்டின் ஓரத்தோடு நின்றிருந்தது.

தோல் மருத்துவர் லென்ஸ் வைத்துப் பார்த்து பெக்கர் நீவஸ் என்றார். பருவ வயதிலோ இருபதுகளிலோ தெரிய ஆரம்பிக்கும் மச்சவகை, ஆபத்தில்லை, தொற்றாது. நிறத்தை லேசரால் குறைக்கலாம், ஆனால் பெரும்பாலும் திரும்பி வரும், நம் நிறத்துக்கு இன்னும் கருக்கவும் செய்யலாம் என்றார். சரி, முடிக்கு மட்டும் லேசர் செய்தேன். 5 தடவைக்கு அப்புறம் முடி வெகுவாகக் குறைந்தது; நிறம் அப்படியே.

எதிர்பாராதது: திட்டுக்குள் மட்டும் வந்த பருக்களுக்கும் இந்த நீவஸ்தான் காரணமாம். ஆண் ஹார்மோனுக்கு அந்தத் தோல் அதிகமாக எதிர்வினை காட்டுமாம்.