ஃபேர்போர்ன்ல வீடு இவ்ளோ கம்மியா இருக்கே, வாங்கலாமா?

ரெக்ஸம்_மலர்:
வணக்கம் மக்களே. நாங்க வேல்ஸ்ல, ரெக்ஸம்ல வாடகைக்கு இருக்கோம், ரெண்டு பேருக்கும் ஒர்க் ஃப்ரம் ஹோம்தான், ஒரே பையன், ஆறு வயசு. கடலோரமா சின்ன ஊர்ல வீடு பாக்கலாம்னு ஆரம்பிச்சா அபர்சோக்னு டூரிஸ்ட்டுங்க வர்ற கடலோர ஊரு, அது பக்கம் விலையக் கேட்டாலே தலை சுத்துது, ஆனா அதே குவினெத் கவுண்டியில பார்மவுத்துக்கு எதிர்கரையில ஃபேர்போர்ன்னு ஒரு ஊரு, மாடியில்லாத ரெண்டு பெட்ரூம் வீடு, ஒன்றரை லட்சம் பவுண்டுக்கும் கம்மியா போட்டிருக்காங்க. போன சனிக்கிழமை போய் பாத்துட்டே வந்துட்டோம். பீச் நடக்கற தூரம், குட்டி ரயில் ஒண்ணு ஓடுது, பையன் அதை விட்டு இறங்கவே மாட்டேங்கறான். ஏஜென்ட் மட்டும் "கேஷா, லோனா"ன்னு மூணு தடவ கேட்டாரு, அதான் உறுத்துது. என்ன விஷயம்?

கணக்குப்புலி:
அவர் கேட்டதுலயே பதில் இருக்கு. அங்க பெரும்பாலான பேங்க் லோன் தராது. ஊரே தாழ்வான சதுப்பு நிலம், முன்னாடி கடல், பக்கத்துல மவ்தாக் ஆத்து முகத்துவாரம், பின்னாடி மலையில இருந்து இறங்கற தண்ணி. கடல் மட்டம் ஏறிட்டே போனா சுவரைக் கட்டிக் காப்பாத்த முடியாது, 2054 வாக்குல ஊரையே காலி பண்ண வேண்டி வரும்னு உள்ளூர் கவுன்சில் திட்டத்துல சொல்லியிருந்தாங்க. 2014ல இது டிவியில வந்ததும் விலை விழுந்துச்சு. நஷ்டஈடுன்னு சட்டத்துல எதுவும் இல்ல. வெள்ள இன்சூரன்ஸுக்கு ஃப்ளட் ரீன்னு அரசும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் சேந்து கொண்டு வந்த திட்டம் இருக்கு, அதுவும் 2039 வரைக்கும்தான். உங்க பையனுக்கு முப்பத்தஞ்சு ஆகறப்ப அந்த வீட்ட யார்கிட்ட விப்பீங்க?

புத்ஹெலி_கடைக்காரன்:
தங்கச்சி, நான் அபர்சோக் இருக்கிற லீன் தீபகற்பத்தில 11 வருசமாக் கடை வச்சிருக்கிறன். அபர்சோக் விலைக்கு நீங்கள் பயந்தது சரிதான், அங்க கடற்கரையில நிக்கிற மரக்கொட்டில், பீச் ஹட், படுக்கவும் விடமாட்டினம், அதே நீங்கள் பாத்த வீட்டை விடக் கூட விலைக்குப் போயிருக்கு. ஆனா நவம்பர் பின்னேரம் ஐஞ்சு மணிக்கு வந்து பாருங்கோ, தெரு முழுக்க வீடு, லைட் எரியிறது நாலு. பள்ளிக்கூடத்தை 2021 டிசம்பரோட பூட்டிட்டினம், பத்துப் பிள்ளையும் இல்லை. 2023 ஏப்ரலில இருந்து லீவுக்கு மட்டும் வாற ரெண்டாவது வீட்டுக்காரருக்கு கவுன்சில் டாக்ஸ், அதான் வீட்டு வரி, 150 வீதம் கூட, அதாவது இரண்டரை மடங்கு. சிலர் வித்துப்போட்டுப் போட்டினம், எண்டாலும் அந்த விலையை அங்க பிறந்து வளர்ந்த பெடியளால தொட ஏலாது. என்ர கடையில நிக்கிற பெடியனே அபர்சோக்காரன்தான், இருக்கிறது புத்ஹெலியில வாடகைக்கு. ஃபேர்போர்னில எண்டாலும் ஆக்கள் இருக்கினம், குளிருக்கும் லைட் எரியுது. எனக்கு அது பெரிய விசயம்.

மவ்தாக்_அக்கா:
நான் பக்கத்து ஊரு டொல்கெத்லாய்ல கேர் ஹோம் வேலை, ஃபேர்போர்ன்ல இருந்து என்கூட ரெண்டு பேர் வர்றாங்க. அவங்க முன்னாடி 2054னு மட்டும் பேசிடாதீங்க, கடுப்பாயிடுவாங்க. "கடலுக்கு காலண்டர் தெரியுமா"ன்னு ஒருத்தர் கேட்டாரு. சொந்தக் காசுல வாங்கி, திரும்பி வராதுன்னு நெனச்சு, வாடகை குடுத்த மாதிரி கணக்கு போட்டா ஒத்து வரும், சேமிப்பு மொத்தத்தையும் போடறதா இருந்தா வேணாம். பார்மவுத்துக்கு மரப்பாலத்து மேல ரயில் போகும், ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு, விட்டா குளிர்ல நிக்கணும். பெரிய ஆஸ்பத்திரின்னா பேங்கர் வரைக்கும் போகணும், ஒன்றரை மணி நேரம் ஆகும். இங்க ஸ்கூல்ல பாடமே வெல்ஷ்லதான், பையன் சின்னவன்தான, சீக்கிரம் புடிச்சுப்பான், நீங்கதான் பேரண்ட்ஸ் மீட்டிங்ல முழிப்பீங்க. அப்புறம் அந்த குட்டி ரயிலு, அந்தக் காலத்துல ஊரைக் கட்ட செங்கல் ஏத்திட்டு வர குதிரை இழுத்த டிராம் லைன் அது, பையன்கிட்ட சொல்லுங்க.

ரெக்ஸம்_மலர்:
எல்லாருக்கும் நன்றி. வீட்டுக்காரர் கணக்குப்புலி சொன்னத படிச்சுட்டு லேப்டாப்ப மூடிட்டாரு. எனக்குத்தான் மனசு வரல. அக்கா, வர்ற குளிர் காலத்துக்கு மட்டும் அங்கயோ பார்மவுத்துலயோ ஆறு மாசம் வாடகைக்கு கெடைக்குமா? குதிரைக் கதைய சொன்னதுல இருந்து பையன் குதிரை எங்க போச்சுன்னு கேட்டுட்டே இருக்கான்.