ஆர்லாண்டோ ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

சார்லட்_செல்வம்:
அக்டோபர் நடுவுல ஒரு சனிக்கிழமை யுனிவர்சல் ஆர்லாண்டோ ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் (ஃபுளோரிடா யுனிவர்சல் பூங்காவுல ராத்திரி நடக்கிற பேய்வீட்டு நிகழ்ச்சி) போகலாம்னு பேச்சு. பெரியவங்க நாலு பேர், கூட 11 வயசுப் பையன். டிக்கெட் தலைக்கு 100 டாலருக்கு மேல காட்டுது. சீக்கிரம் நகர்ற தனி வரிசைக்கான எக்ஸ்பிரஸ் பாஸ் அதைவிட ஜாஸ்தி. பகல் டிக்கெட் ராத்திரிக்குச் செல்லாதாம். ஒரு பேய்வீட்டுக்குள்ள நாலு நிமிஷம் நடக்க இவ்வளவா? எக்ஸ்பிரஸ் இல்லாம சமாளிக்க முடியுமா?

வரிசை_வாத்தியார்:
சனிக்கிழமைக்கு எக்ஸ்பிரஸ் இல்லாமல் போவதாக இருந்தால் போகாமலிருப்பதே மேல். கணக்கைப் பாருங்கள். மாலை 6:30 முதல் இரவு 2 மணி வரை 450 நிமிடம். வீடு ஒன்றுக்கு 60 நிமிடக் காத்திருப்பு (சனிக்கிழமைக்கு இது ரொம்பத் தாராளமான கணக்கு, 100ஐத் தாண்டுவதும் உண்டு), உள்ளே 4 நிமிடம், அடுத்த வீட்டுக்கு நடை 8 நிமிடம். மொத்தம் 72. சாப்பிடாமல், உட்காராமல் ஓடினாலும் 6 வீடுதான் தேறும். சமீப ஆண்டுகளில் பத்து வீடு போடுகிறார்கள். நாலை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

எக்ஸ்பிரஸ் வாங்கினாலும் நேரே உள்ளே போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். நெரிசல் இரவில் அந்த வரிசையிலும் அரை மணி நிற்க நேரும். ஒரு வீட்டுக்கு ஒரு முறைதான் செல்லும். பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு: யுனிவர்சலின் விலையுயர்ந்த ஹோட்டல்களில் தங்கினால் பகலில் இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்பிரஸ், ஹாரர் நைட்ஸுக்குச் செல்லாது.

தேதியை மாற்ற முடிந்தால் செப்டம்பர் புதன்கிழமைக்கு மாற்றுங்கள். டிக்கெட்டும் மலிவு, கூட்டமும் குறைவு. இரண்டு இரவு தங்க முடியுமென்றால், செப்டம்பர் இரவுகளுக்கான 'ரஷ் ஆஃப் ஃபியர்' பாஸ், அக்டோபர் சனிக்கிழமை டிக்கெட்டும் எக்ஸ்பிரஸும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாகவே வரும்.

மாலை5மணி:
வாத்தியார் விட்ட ஒன்று. கூட்டத்தை முந்த ஒரே நேர்வழி 'ஸ்டே அண்ட் ஸ்க்ரீம்'. பகல் பார்வையாளர்களை மாலை 5 மணிக்கு வெளியேற்றுவார்கள். ஹாரர் நைட்ஸ் டிக்கெட்டும் கையில் இருந்தால் வெளியே போகாமல், உள்ளேயே குறித்த இடங்களில் காத்திருக்கலாம். வெளிவாசல் திறப்பதற்கு முன்பே சில வீடுகளை இவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். எந்த இடத்தில் நின்றால் எந்த வீடு என்பது ஆண்டுதோறும் மாறும். அந்த ஆண்டு வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 7:30க்குள் மூன்று வீடு முடிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பகல் டிக்கெட் இல்லாதவர்கள் பிற்பகலிலேயே உள்ளே போக 'ஸ்க்ரீம் எர்லி' என்ற கூடுதல் டிக்கெட் உண்டு. எக்ஸ்பிரஸைவிட எவ்வளவோ மலிவு. இரவு 9 முதல் 11 வரை வரிசை உச்சத்தில் இருக்கும். அப்போது வீட்டுப் பக்கமே போகாமல் சாப்பிடுங்கள், பூங்காத் தெருக்களில் நடிகர்கள் நடத்துகிற பயமுறுத்தலைப் பாருங்கள். நள்ளிரவுக்கு மேல் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

பார்க்கிங்கையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் மாலை 6க்கு மேல் இலவசம்; இந்த இரவுகளில் அது கிடையாது.

திரைமறைவு:
காசு வீணாகப் போச்சே என்று பலர் புலம்புவதற்குக் காரணம் வரிசை மட்டும் இல்லைங்க. உள்ளே ஆட்களை விடுகிற விதம். குழு குழுவாகப் பிரித்து விடாமல் ரயில் பெட்டி மாதிரி தொடர்ச்சியாக விடுகிறார்கள். சுவரில் ஒரு படம் தொங்கும். படம் சட்டென்று சரியும், பின்னாலிருந்து நடிகர் பாய்வார், அதே நொடியில் சத்தமும் வெள்ளை வெளிச்சமும் அடிக்கும். அந்தப் பொந்துக்கு அங்கே 'பூ ஹோல்' (Boo hole) என்று பெயர். படத்தை ஏற்றி, மறைந்து, மறுபடி தயாராகச் சில நொடி ஆகும். அதற்குள் நாலைந்து பேர் அந்த இடத்தைக் கடந்துவிடுவார்கள். அவர்கள் பார்த்தது வெறும் சுவர். அவர்களுக்குப் பின்னால் வருகிறவருக்கோ, முன்னால் ஒருத்தர் அலறுவது தெரிந்து பயமே போய்விடும்.

இதற்கு ஒரு வைத்தியம்: நுழைந்ததும் முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் நாலைந்து அடி இடைவெளி விடுங்கள். ஊழியர்கள் டார்ச் காட்டி நகரச் சொல்வார்கள்; நிற்காமல் மெல்ல நடந்தால் போதும். போனை எடுக்காதீர்கள். படம் பிடிக்கத் தடை என்பது ஒரு பக்கம், திரை வெளிச்சத்தில் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுப்போய் அடுத்த இரண்டு அறை ஒன்றும் தெரியாது.

நடிகர்கள் தொட மாட்டார்கள், நீங்களும் தொடக்கூடாது. விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு, புகை இரண்டுமே அதிகம். வலிப்பு, ஆஸ்துமா இருப்பவர்கள் தவிர்க்க வேண்டும்.

சார்லட்_செல்வம்:
நன்றிங்க. பையனைக் கூட்டிட்டுப் போகலாமா? வீட்டம்மா இன்னொண்ணும் கேக்கறாங்க: அந்த இருட்டுல தீப்பிடிச்சா?

திரைமறைவு:
13 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்பது அவர்களே சொல்வது. தடுத்து நிறுத்த மாட்டார்கள், ஆனால் சிறுவர் விலை என்று ஒன்று கிடையாது. முதல் வீட்டிலேயே பையன் அழுதால் முழு டிக்கெட்டும் போச்சு, கூட ஒரு பெரியவரும் வெளியே உட்கார வேண்டும். அவனுக்கு டிஸ்னி மேஜிக் கிங்டமில் நடக்கும் மிக்கியின் ஹாலோவீன் பார்ட்டிதான் சரி. மிட்டாய் வாங்கலாம், வேஷமும் போடலாம். ஹாரர் நைட்ஸில் வேஷம், முகமூடி எதுவும் அனுமதி இல்லை.

தீ பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. 1984 மே மாதம் நியூ ஜெர்சியில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வெஞ்சர் பூங்காவின் பேய்க்கோட்டை எரிந்து 8 இளைஞர்கள் இறந்தார்கள். லாரி டிரெய்லர்களை ஒட்டவைத்துக் கட்டியது, தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இல்லை. அதற்குப் பிறகு விதிகள் இறுகின. இப்போது இப்படிப்பட்ட கட்டடங்களில் ஸ்பிரிங்க்ளர் வேண்டும். புகையை உணர்ந்ததும் வெளியேறும் வழிக்கு வெளிச்சம் வரவேண்டும், குழப்புகிற சத்தமும் காட்சியும் நிற்க வேண்டும். நடந்து போகும்போதே சுவரோரத்தில் அவசர வழிப் பலகைகள் கண்ணில் படும்.

மாலை5மணி:
கடைசியாக மழை. செப்டம்பரில் மாலை இடிமழை அங்கே சாதாரணம். வீடுகளுக்கு மேலே கூரை இருக்கிறது, வரிசைக்குப் பெரும்பாலும் இல்லை. தெரு நடிகர்கள் உள்ளே போய்விடுவார்கள். டிக்கெட் அந்தத் தேதிக்கு மட்டும், மழைக்காகப் பணம் திரும்பாது. மழைக்கோட்டு ஒன்று பையில் இருக்கட்டும், குடை வேண்டாம்; வரிசையில் பின்னால் நிற்பவர் கண்ணைக் குத்தும். மழை விட்ட அரை மணிக்குள் வரிசை பாதியாகச் சுருங்கும், அப்போது கிளம்பிவிடாதீர்கள்.