ஹூப்ரிஸ்: ‘ஆணவம்’ போதுமா, ‘மிகுதி’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். கிரேக்கத் தொன்மக் கதைகளுக்கான நம் கலைச்சொல் வரைவில் ஹூப்ரிஸ் (hubris) என்ற சொல்லுக்குத் தமிழ் என்ன என்ற பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஹூப்ரிஸ் = ஆணவம் என்றே முடித்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் தவறாகப் புரிந்துவிடுமோ என்பதே என் கவலை. ஆணவம் மனத்துக்குள் இருப்பது. சைவ சித்தாந்தத்தில் அது உயிரோடு ஒட்டிய மலம், அதாவது அழுக்கு. வாய் திறக்காமலே ஒருவர் ஆணவத்தோடு வாழ்ந்துவிட முடியும். கிரேக்கர்களின் ஹூப்ரிஸ் ஒரு செயல். ஏதென்சில் அதற்காக வழக்குத் தொடுக்கலாம். அடிமைக்கு இழைத்தாலும் குற்றம்தான். ஆதாயத்துக்கோ பழிக்குப் பழியாகவோ இல்லாமல், பிறரைச் சிறுமைப்படுத்தி அதில் இன்பம் காண்பது என்று அரிஸ்டாட்டில் விளக்குகிறார்.

நியோபி கதையை இந்தக் கண்ணோடு பாருங்கள். தீப்ஸ் நகரப் பெண்கள் லெட்டோ என்ற தெய்வத்தை வழிபடுகிறார்கள். அந்நகர அரசி நியோபி வந்து வழிபாட்டை நிறுத்தச் சொல்கிறாள். எனக்கு 14 பிள்ளைகள், அவளுக்கு இரண்டே இரண்டு, பிள்ளையில்லாதவளுக்கும் அவளுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கிறாள். பிள்ளைகளை நினைத்துத் தாய் பெருமைப்பட்டது குற்றமில்லை. ஊர் நடுவே இன்னொரு தாயை இகழ்ந்தாளே, அதுதான் ஹூப்ரிஸ். லெட்டோவின் அந்த இரண்டு பிள்ளைகள், அப்போலோவும் ஆர்ட்டெமிசும், 14 பேரையும் அம்பெய்து கொன்றார்கள்.

முன்பு ஒருவர் தந்த ‘செருக்குமீறல்’ எனக்கும் முதலில் பிடித்தது. அப்புறம் யோசித்தால் இடிக்கிறது. விதிமீறல் என்றால் விதியை மீறுவது. அதே அமைப்பில் செருக்குமீறல் என்றால் செருக்கை மீறுவது என்றாகிவிடும்.

குறளில் ஒரு சொல் காத்திருக்கிறது:

மிகுதியான் மிக்கவை செய்தாரைத் தாந்தம்
தகுதியான் வென்று விடல். (158)

‘மிகுதியான்’ என்பதற்கு மனச்செருக்கால் என்றே பரிமேலழகர் உரை. செருக்கும், அது செய்ய வைக்கும் அத்துமீறலும் ஒரே வேர்ச்சொல்லில் நிற்கின்றன. இழைக்கப்பட்டவர் பொறுத்து வெல்ல வேண்டும் என்கிறார் வள்ளுவர், லெட்டோ பொறுக்கவில்லை. அது வேறு அறம். சொல் மட்டும் கச்சிதமாகப் பொருந்துகிறது. இன்று மிகுதி என்றால் மிச்சம் என்று படிப்பார்களே என்ற தயக்கம் நியாயமானது. சொல் முதலில் வரும் இடத்தில் ‘மிகுதி (செருக்கால் பிறரை இழிவுசெய்தல்)’ என்று கொடுத்தால் போதும்.

அடுத்து, ஹூப்ரிசுக்குப் பின்னால் வரும் தண்டனையான நெமிசிஸ் (nemesis). அதற்குப் ‘பழிவாங்கல்’ வேண்டாம். பங்கிட்டுக் கொடுப்பது என்ற கிரேக்க வினையிலிருந்து வந்த பெயர் அது. நம்மிடம் ‘பால்’ என்ற சொல்லுக்குப் பங்கு, ஊழ் என்ற இரண்டு பொருளும் உண்டு. தொல்காப்பியத்தில் ‘பால்வரை தெய்வம்’ இருக்கிறது. அதிலிருந்து ‘பால்வரைவு’ என்று எடுக்கலாமா? ஊழ் யாருக்கும் வரும், நெமிசிஸ் மிகுதிக்குப் பின்னால் வரும் என்ற வேறுபாட்டை விளக்கத்தில் சொல்லிவிட வேண்டும்.

மெட்டமார்ஃபோசிசுக்கு ‘உருமாற்றம்’ சரி, மாற்ற வேண்டியதில்லை. ஆனால் வரைவில் ‘தண்டனையாக வேறு உரு அடைதல்’ என்று எழுதியிருக்கிறோம். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில், நெசவில் தன்னோடு போட்டியிட்ட அரக்னி என்ற பெண்ணின் துணியில் அதீனா தெய்வத்தால் ஒரு குறையும் காண முடியவில்லை. சினத்தில் துணியைக் கிழித்து, நெசவு நாடாவால் அவள் நெற்றியில் அடிக்கிறாள். அரக்னி தூக்கிட்டுக்கொள்ள, இரக்கப்பட்டு அவளைச் சிலந்தியாக்குகிறாள். அவள் இன்னும் நெய்துகொண்டிருக்கிறாள். நியோபியோ துக்கத்திலேயே உறைந்து கல்லாகிறாள். சிபிலஸ் மலையில் அந்தக் கல்லிலிருந்து கண்ணீர் கசிகிறது. ‘தண்டனையாக’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுவோமா?