கதைக்குள் கேட்கும் ஒலிக்கு என்ன பெயர்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு சொல் அவசரமாக வேண்டும். எங்கள் துறையில் இறுதியாண்டு மாணவி ஒருத்தி இரண்டு திட்டக்கட்டுரைகளைத் தமிழிலேயே எழுதுகிறாள். இரண்டும் ஃபிரிட்ஸ் லாங் 1931-இல் எடுத்த 'எம்' என்ற ஜெர்மன் படத்தைப் பற்றியவை. முதலாவது படத்தின் ஒளி, நிழல் பற்றியது. 'விஷுவல் ஸ்டைல்' என்பதற்குக் 'காட்சி நடை' என்று வைத்தோம், அதில் சிக்கல் இல்லை. இரண்டாவது ஒலி வடிவமைப்பு. அங்கேதான் 'டயஜெடிக்', 'நான்-டயஜெடிக்' இரண்டும் வழிமறிக்கின்றன. கதைமாந்தர் காதிலும் விழக்கூடிய ஒலி முதல் வகை. படம் பார்க்கிற நமக்கு மட்டும் கேட்பது இரண்டாவது.

'பின்னணி' என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். தெருவில் போகிற வண்டிச் சத்தமும் பின்னணிதான், ஆனால் அது கதைக்குள் இருக்கிறது. இந்தப் படத்திலோ பின்னணி இசையே கிடையாது. நினைவில் நிற்கும் ஒரே மெட்டு கொலைகாரன் அடிக்கிற சீழ்க்கை. நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் 'பியர் கிந்த்' இசையில் உள்ளது. நடித்த பீட்டர் லோரேக்குச் சீழ்க்கை வராததால் லாங்கே அடித்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை கட்டுரை பைண்டிங்குக்குப் போகிறது. உதவுங்கள்.

— வா., திருச்சி

அம்மா, வணக்கம். இதற்குப் புதிதாக எதையும் தேட வேண்டாம். நாடகத்துக்கும் கதைக்கும் களம் என்ற சொல் வழக்கில் இருக்கிறது. களம் + ஒலி. 'மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு ஒப்பவும்' என்ற நன்னூல் 219-ஆம் நூற்பாப்படி மகரம் கெடும். வகர உடம்படுமெய் வரும். களவொலி. மற்றதற்குப் புறவொலி. இரண்டும் நான்கெழுத்து, சொல்லவும் இனியவை.

— சு., திருநெல்வேலி

ஐயா, புணர்ச்சி சரி. ஆனால் களவு + ஒலி என்றாலும் களவொலிதானே வரும்? அகப்பொருள் படித்த பிள்ளைகள் தலைவனும் தலைவியும் ஒளிந்து பேசிய பேச்சு என்று எடுத்துக்கொள்வார்கள். படிக்காதவர்கள் திருட்டு என்பார்கள். இரண்டும் நமக்கு வேண்டாம்.

— க., மதுரை

'களவழி நாற்பது' என்ற நூற்பெயரைக் கேட்டு யாரும் திருட்டுவழி என்று எண்ணுவதில்லையே? ஏர்க்களமும் போர்க்களமும் நினைவுக்கு வரும் இடத்தில் கதைக்களம் மட்டும் ஏன் வராது? பழகினால் வரும்.

சரி, அந்த ஐயம் தீரவில்லை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. நிலம் நிலன் ஆவதுபோல் களம் களன் ஆகும். களனொலி. இதில் களவு நுழைய இடமே இல்லை. செய்யுளியலின் முதல் நூற்பாவைப் பாருங்கள்: 'கேட்போர் களனே காலவகை எனாஅ'. தொல்காப்பியரே களன் என்றுதான் சொல்கிறார், அதுவும் கேட்போருக்கு அடுத்தபடியாக!

— சு., திருநெல்வேலி

நான் சென்னையில் ஒலிக்கலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் இடத்தில் டப்பிங், எஃபெக்ட்ஸ், ஆர்.ஆர். என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவோம். ஆர்.ஆர். என்றால் பின்னணி இசை. கதைக்குள்ளே ரேடியோவில் பாட்டு ஓடுகிறது என்றால் 'ரேடியோவில் வருது' என்றே குறித்துவைப்போம், ஏனென்றால் அந்தப் பாட்டின் அடி ஒலியைக் குறைத்துச் சின்ன ஸ்பீக்கரில் வருகிற மாதிரி ஆக்க வேண்டும். அந்த ஒரு குறிப்பு இல்லாவிட்டால் கலவையே தப்பாகிவிடும். எனவே இந்தப் பிரிவுக்கு ஒரு பெயர் இருப்பது எங்களுக்கும் நல்லதுதான். ஆனால் களனொலி என்று சொன்னால் பக்கத்து மேசைக்காரர் என்ன என்று திரும்பக் கேட்பார். அப்புறம் நான் விளக்க வேண்டும். 'கதைக்குள் ஒலி' என்றால் விளக்கம் தேவையில்லை. அதற்கும் மனமில்லை என்றால் டயஜெடிக் என்றே விடலாம். கேமரா, ரீல், ஷாட் எல்லாம் இப்படித்தான் வந்தன.

— ரா., சென்னை

கேமரா கண்ணுக்குத் தெரிகிற பொருள். அதைக் காட்டிப் பெயர் சொல்லலாம். டயஜெடிக் ஒரு கருத்து. கருத்தை வேற்றுமொழி ஒலியாக மட்டும் வாங்கினால் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், எண்ணிப் பார்க்க மாட்டார்கள். வகுப்பில் முப்பது ஆண்டு பார்த்தவன் சொல்கிறேன்.

கிரேக்க வேரை மொழிபெயர்த்து 'எடுத்துரைப்பு ஒலி' என்று யாராவது தொடங்குமுன் ஒன்று. பிளேட்டோ 'குடியரசு' மூன்றாம் பகுதியில் டயஜெசிஸ் என்றது கவிஞன் தன் வாயால் எடுத்துச் சொல்வதை. திரைப்பட ஆய்வில் அது கதையுலகம் என்ற பொருளில் வழங்கத் தொடங்கியது 1950-களில், பிரான்சில், மெய்யியலாளர் எத்தியென் சூரியோவின் வட்டத்தில். கிட்டத்தட்ட எதிர்ப்பொருள். வேரைப் பிடித்தால் வழி தவறும்.

— க., மதுரை

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல். எங்கட பேச்சில் கதை என்றால் பேச்சு. 'அவர் என்னோட கதைக்கிறேல்லை' என்றால் பேசுவதில்லை என்று பொருள். 'கதையொலி' என்று வைத்தால் இங்கத்தைப் பிள்ளைகள் வசனம் என்றே நினைப்பினம். 'கதைக்குள்', 'கதையக' என்று இடத்தைக் காட்டும் சொல் சேர்ந்தால் அந்த மயக்கம் குறையும். கதையக ஒலி, கதைப்புற ஒலி என்று வைக்கலாம் என்பது என் எண்ணம்.

மற்றது, உருவம் தெரியாமல் குரல் மட்டும் வருவதற்கு நம்மிடம் அசரீரி என்ற சொல் இருக்கிறதே, அதைக் கதைப்புறக் குரலுக்கு வைக்கலாமா?

— த., யாழ்ப்பாணம்

அசரீரி அங்கே பொருந்தாது, தம்பி. தேவகியின் எட்டாம் பிள்ளையால் சாவு என்று அசரீரி சொன்னபோது கம்சன் காதில் அது விழுந்தது. விழுந்ததால்தான் சிறையும் மற்றதும் நடந்தன. ஆக அது கதைக்கு உள்ளே கேட்கிற குரல். வா. அம்மா சொல்லும் படத்தில் கொலைகாரன் முகம் தெரியாமல் முதலில் நிழலும் குரலும் மட்டும் வருகின்றன அல்லவா, அதற்கு அசரீரி அழகாகப் பொருந்தும். வடசொல் என்று தள்ளுபவர்கள் தள்ளட்டும். பாட்டி கதையில் வந்த சொல் எனக்கு அயல்சொல் ஆகாது.

எங்கள் பக்கம் தெருக்கூத்தில் இதெல்லாம் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கிறது. முகவீணைக்காரரும் மிருதங்கக்காரரும் ஆடுபவருக்குப் பின்னால் கண்ணெதிரே உட்கார்ந்திருப்பார்கள். கட்டியங்காரன் துரியோதனனிடமும் பேசுவான், திரும்பி நம்மிடமும் பேசுவான். அவன் குரல் அகமா புறமா?

— பெ., விழுப்புரம்

பெ. ஐயா கேட்டதற்குச் செய்யுளியலில் வழி உண்டு. ஞாயிறு, திங்கள், கடல், கானல், விலங்கு, மரம் என்று கேட்கமாட்டாதவற்றை அடுக்கிவிட்டு, அவை 'சொல்லுந போலவும் கேட்குந போலவும்' வரலாம் என்கிறார் தொல்காப்பியர். கேட்பவர் யார் என்ற கேள்வி நமக்கு அவ்வளவு பழையது. கடலைப் பார்த்துத் தலைவி பேசுகிறாள், கடல் கேட்பதில்லை, மறைவில் நிற்கும் தலைவன் கேட்கிறான். இதை விரித்தால் ஓர் இயலே எழுதலாம்.

— சு., திருநெல்வேலி

நண்பர்களே, நேற்று மாலை மாணவியும் நானும் அந்தப் படத்தை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தோம். மூன்று இடங்களில் நிறுத்தி எழுதினோம்.

பிள்ளை வீடு திரும்பவில்லை. தாய் 'எல்சி' என்று கூப்பிடுகிறாள். திரையில் ஆளில்லாத படிக்கட்டு, துணி காயும் பரண், மேசைமேல் தொடாத தட்டு. குரல் மட்டும் மேலே ஓடுகிறது. அப்புறம் புல்லில் பந்து உருண்டு வருகிறது, பலூன் கம்பிகளில் சிக்கி நிற்கிறது. ஒலியே இல்லை. இந்த அழைப்பு கதையகந்தான், ஆனால் கேட்க வேண்டிய பிள்ளை கேட்கவில்லை.

இரண்டாவது, பலூன் விற்கும் பார்வையற்றவர். அவருக்குக் கொலைகாரன் முகம் தெரியாது, சீழ்க்கை தெரியும். ஊரே தேடியும் கிடைக்காதவனை அவர் காது அடையாளம் கண்டுவிடுகிறது.

மூன்றாவது எங்களை உட்காரவைத்துவிட்டது. ஒருவன் கையால் சுழற்றும் இசைப்பெட்டி சுருதி சேராமல் ஒலிக்கிறது. அந்தப் பார்வையற்றவர் பொறுக்காமல் இரண்டு காதையும் பொத்துகிறார். நமக்கும் ஒலி அறுந்துவிடுகிறது. அந்த நொடி நாம் அவர் காதால் கேட்கிறோம். இதற்கு அகம், புறம் என்ற இரண்டு பெட்டி போதாது.

மாணவி தன் காட்சிப் பட்டியலில் 'வகை' என்ற பத்தியை அடித்துவிட்டு 'கேட்போர்' என்று எழுதினாள். முதல் காட்சிக்கு நேரே 'யாருமில்லை, நாம்' என்றும், கடைசிக்கு 'அவர், அவர் வழியாக நாம்' என்றும் போட்டாள். சு. ஐயாவின் மடலை அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

கட்டுரையில் கதையக ஒலி, கதைப்புற ஒலி என்று போடுகிறோம். வகுப்பில் பன்னிரண்டு பேரிடம் விளக்கம் இல்லாமல் கேட்டுப் பார்த்தேன். ஒன்பது பேர் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். களனொலியை மூன்று பேர் பிடித்தார்கள். திரைக்கு வெளியிலிருந்து வரும் கதையக ஒலிக்கு இன்னும் சொல் இல்லை. இப்போதைக்கு விரித்தே எழுதியிருக்கிறாள்.

— வா., திருச்சி

கதையக ஒலிக்கு என் வாக்கும். இனி இதைப் பேச என்னிடம் நேரமில்லை, ரீல் காத்திருக்கிறது.

— ரா., சென்னை

மூன்று பேர் விளக்கமில்லாமலே பிடித்தார்கள் என்றால் களனொலி பிழைக்கும் சொல். அடிக்குறிப்பிலாவது அதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். திரைக்கு வெளியிலிருந்து வருவதற்குப் 'புறக்களனொலி' என்று வைக்கலாம். களன் மாறவில்லை, கண் எட்டவில்லை, அவ்வளவுதான். வல்லெழுத்து மிகுவதை விட்டுவிட வேண்டாம் என்று மாணவியிடம் சொல்லுங்கள், அம்மா.

— சு., திருநெல்வேலி